பட்ட மேற்படிப்பும் தமிழாசிரியரும்

பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, வகுப்பறையில் பத்தாண்டுகள் உழைத்த தமிழாசிரியர் ஒருவர் தம்மிடம் சேர்ந்திருப்பது யாது என எண்ணிப் பார்ப்பாராயின் ஓர் உண்மை புலனாகும். எந்த எழுத்தில் மாணவர் தடுமாறுவர், எந்தச் சொல் வீட்டில் வழங்குவது, எது நூலில் மட்டும் வாழ்வது, எந்தப் பாடத்தில் பிள்ளைகளின் கண்கள் ஒளிரும் என்பனவற்றையெல்லாம் அவர் அறிவார். ஆயினும் அவ்வறிவு அவர் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் உடன் ஓய்வு பெறுகிறது. பின்னர் வரும் இளைய ஆசிரியர் மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியவராகிறார். இவ்விழப்பைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று பட்ட மேற்படிப்பு.

மேற்படிப்பு என்றதும் சம்பள உயர்வும் பதவி உயர்வும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றை விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் முதற்பட்டத்திற்கும் மேற்பட்டத்திற்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக் கணக்கில் மட்டும் இல்லை. முதற்பட்டம் பயில்வோர் பெரும்பாலும் பிறர் கண்டறிந்தவற்றைக் கற்கின்றனர். மேற்பட்ட ஆய்வு செய்வோரோ ஒரு வினாவைத் தாமே எழுப்பி, அதற்குச் சான்று தேடி, விடை கண்டு, அவ்விடை ஏன் ஏற்கத்தக்கது என்பதை அறிஞர் முன் நிலைநாட்ட வேண்டும்.

ஒரே இலக்கியம், இரு வினாக்கள்

தமிழாசிரியர்க்குத் திறந்திருக்கும் துறைகள் முதன்மையாக இரண்டு: ஒன்று கலைத்துறை, மற்றொன்று கல்வித்துறை. இவ்விரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன, எவ்வாறு ஒன்றையொன்று தழுவுகின்றன என்பதற்குத் தனிநாயக அடிகளாரின் வாழ்க்கையே தக்க எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913 இல் பிறந்த அடிகளார், உரோமையில் இறையியல் கற்று டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். முப்பது வயதைக் கடந்தபின், 1945 இல், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து தமிழ் பயின்றார். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவர் வரிசையில் அமர்ந்தது எண்ணத்தக்கது.

அங்கு அவர் எம்.லிட். பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பது. குறிஞ்சியும் முல்லையும் வெறும் பின்னணியாக நிற்கின்றனவா, அன்றிச் செய்யுளின் உணர்வோடு ஒன்றி நிற்கின்றனவா என்பது போன்ற வினாக்கள் இதற்கு உரியவை. இது கலைத்துறை ஆய்வு.

பின்னர் இலண்டன் பல்கலைக் கழகத்தில் கல்வித்துறையில் ஆராய்ந்து 1957 இல் மற்றொரு டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர் கொண்ட பொருள், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனை. அக்காலத்தில் கற்பித்தவர் யாவர், எதைக் கற்பித்தனர், கல்வியின் பயனாக எதைக் கருதினர் என்று வினவுவது இவ்வகை ஆய்வு. சான்று தந்த இலக்கியம் பழையதே, வினா புதியது. வினா மாறியதும் முன்னர்க் கவிதையாக மட்டும் தோன்றிய அடி, சமுதாய வரலாற்றுக்குச் சான்றாகிவிடுகிறது. ஏட்டைக் காட்டிலும் வினாவே ஆய்வின் துறையை வரையறுக்கிறது என்பதை ஆசிரியர்கள் இதனால் உணரலாம்.

வகுப்பறையில் பிறக்கும் வினா

பண்டை இலக்கியத்தில் மட்டுமே ஆய்வுப் பொருள் உண்டு என எண்ணுதல் வேண்டா. மாணவர் கட்டுரைகளில் ரகர றகரப் பிழைகள் மலிந்திருப்பதை எல்லா ஆசிரியரும் காண்கின்றனர். இப்பிழை ஏன் எழுகிறது? இன்றைய பேச்சில் இவ்விரு ஒலிகளும் பலரிடத்து ஒன்றாகிவிட்டமையாலா? இவ்வாறு வினவின் அது மொழியியலைச் சார்ந்த கலைத்துறை ஆய்வு. எவ்வாறு கற்பித்தால் இப்பிழை குறையும்? இவ்வாறு வினவின் அது கல்வித்துறை ஆய்வு.

இரண்டாவது வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. நூறு பிழைகளை எண்ணிவிட்டால் போதாது. அவ்வெழுத்துகளை எழுத வேண்டிய இடங்கள் எத்தனை என்பதையும் எண்ண வேண்டும். நீண்ட கட்டுரையில் பத்துப் பிழைகள் இருப்பதும், ஐந்து வரியில் பத்துப் பிழைகள் இருப்பதும் ஒன்றாகா. மேலும், ஒரே சொல்லைப் பத்து முறை தவறாக எழுதிய மாணவனுக்கும், பத்து வேறு சொற்களில் தவறிய மாணவனுக்கும் உரிய மருந்து வெவ்வேறாம்.

புதிய முறையை ஒரு வகுப்பிலும் பழைய முறையை மற்றொரு வகுப்பிலும் கையாண்டு ஒப்பிடும்போது, தொடக்கத்தில் இரு வகுப்பாரும் எந்நிலையில் இருந்தனர் என்பதை முன்னரே சோதித்து அறிந்திருக்க வேண்டும். இரு வகுப்புக்கும் ஆசிரியர் வேறாயின், கிடைத்த பயன் முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்ற ஐயம் எழும். இத்தகைய ஐயங்களை முன்கூட்டியே கண்டு தடுக்கக் கற்பிப்பதே ஆய்வுப் பயிற்சி.

வகுப்பறை வினாக்கள் சிறியவை அல்ல. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என 2005 இல் பரிந்துரைத்தது. வீட்டுத் தமிழுக்கும் நூல் தமிழுக்கும் இடையே பிள்ளை படும் பாடு ஆசிரியர் பலரும் கண்டதே. அது பாடத்திட்ட ஆய்வின் பொருளான பிறகே நாடு தழுவிய மாற்றத்திற்கு வழி பிறந்தது.

படிப்பின் வகைகள்

மலேசியாவின் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள் உள. முதுகலை ஏழாம் நிலையிலும், முனைவர் பட்டம் எட்டாம் நிலையிலும் அமையும். முதுகலையை மூவகையாகப் பயிலலாம். பாடங்களைக் கற்றுத் தேறுவது ஒரு வகை. ஆய்வேடு மட்டும் எழுதுவது ஒரு வகை. இரண்டும் கலந்தது மூன்றாம் வகை. நீண்ட நாள் படிப்பை விட்டிருந்த ஆசிரியர்க்குக் கலப்பு வகை பெரிதும் பொருந்தும். அதில் ஆய்வு முறைகளை முதலில் பாடமாகக் கற்றுப் பின்னர் ஆய்வில் இறங்கலாம்.

மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 இல் தோன்றியது. தனிநாயக அடிகளார் 1961 முதல் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவர் முயற்சியாலேயே. தஞ்சோங் மாலிமில் 1922 இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் நிறுவனம் 1997 இல் பல்கலைக் கழகமாயிற்று. சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் பகுதியாக 1991 இல் அமைந்த தேசியக் கல்விக் கழகம் கல்வித்துறை மேற்பட்டங்களை வழங்குகிறது.

சேருமுன் ஆசிரியர் கேட்டறிய வேண்டியவை மூன்று. தாம் கொண்ட பொருளை நன்கறிந்த மேற்பார்வையாளர் அங்கு உளரா? ஆய்வேட்டை எம்மொழியில் எழுதலாம்? மாணவரை ஆய்வுக்கு உட்படுத்த எவ்வெவரிடம் அனுமதி பெற வேண்டும்? பள்ளியில் ஆய்வு நடத்தக் கல்வி அமைச்சின் இசைவும், சிறார் பங்குபெறப் பெற்றோரின் இசைவும் வேண்டப்படும். தம் வகுப்பு மாணவரே ஆயினும், ஆசிரியர் என்ற உரிமை ஆய்வாளர்க்கு இல்லை.

ஆய்வேடு எவர்க்கு?

பகலில் பள்ளி, மாலையில் புறப்பாடம், இரவில் பயிற்சி நூல் திருத்தம் என்றிருக்கும் ஆசிரியர்க்கு மேற்படிப்பு பெருஞ்சுமையே. குடும்பத்தின் பொறுமையும் தலைமையாசிரியரின் ஆதரவும் இன்றி இடையில் நின்றுபோவோர் உண்டு. ஆகவே வினாவைச் சிறிதாக அமைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. தமிழ்க் கல்வி முழுவதையும் ஓர் ஏட்டில் அடக்க முயல்வோர் எதையும் நிறுவ இயலாது. ஒரு வகுப்பு, ஒரு திறன், ஒரு பருவம் என எல்லை வகுத்துக்கொண்டவர் உறுதியாக ஒன்றைச் சொல்ல முடியும்.

அவ்வாறு பெற்ற முடிவு நூலகப் பேழையில் உறங்கிவிடின், தொடக்கத்தில் கூறிய இழப்பு மீண்டும் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். அடிகளார் தம் ஆய்வை உலக அறிஞர் அறியுமாறு ஆங்கிலத்தில் எழுதினார். அதற்கு அன்று தேவை இருந்தது. இன்று பிற மொழியில் ஆய்வேடு எழுதுவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. முடிவுகளை எளிய தமிழில் பத்துப் பக்கத்தில் எழுதி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கையில் சேர்ப்பதே அது. பட்டம் அதனைப் பெற்றவரின் பெயருக்குப் பின்னே நிற்கும். கண்டறிந்த உண்மை அடுத்த வகுப்பறைக்குள் சென்று சேர வேண்டும்.