'குட்நைட்' சொன்னது யார்? - ஒன்லிஃபேன்ஸ் இன்பாக்ஸுக்குள் நடக்கும் வியாபாரம்!

இணையத்தில் ஆபாசப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. காசு கொடுக்காமலே கொட்டிக் கிடக்கின்றன. அப்படியிருக்க, மாதாமாதம் கார்டு நம்பரைத் தட்டிச் சந்தா கட்டி ஒருவரைப் பின்தொடர யார் வரப்போகிறார்கள்?

வருகிறார்கள். கோடிக்கணக்கில் வருகிறார்கள். லண்டனில் தொடங்கப்பட்ட ஒன்லிஃபேன்ஸ் தளம், 2024 நவம்பரோடு முடிந்த நிதியாண்டுக்குக் கணக்கு காட்டியது. அதன்படி, தளத்தில் இருக்கும் ரசிகர் கணக்குகள் சுமார் 37.7 கோடி. கிரியேட்டர் கணக்குகள் சுமார் 46 லட்சம். அந்த ஓராண்டில் ரசிகர்கள் செலவழித்த தொகை 720 கோடி டாலர்!

வெறும் படத்துக்காக இவ்வளவு பணம் வராது. அங்கே விற்பனையாவது வேறு ஒன்று. 'நீங்கள் அனுப்பிய மெசேஜை நான் படித்தேன்' என்ற ஒரு பதில். ரசிகருக்குப் பதில் சொல்வதுதான் சரக்கு என்றான பிறகு, யார் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் ஒரு கிரியேட்டருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசமே இருக்கிறது.

டிக்கெட் வேறு, கேன்டீன் வேறு

ஒன்லிஃபேன்ஸை 2016-ல் ஆரம்பித்தவர் டிம் ஸ்டோக்லி என்ற பிரிட்டிஷ்காரர். சமையல் சொல்லித் தருபவர், உடற்பயிற்சிப் பயிற்சியாளர் என யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்பதுதான் விதி. ஆனால், தளத்தைத் தூக்கி நிறுத்தியது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சமாசாரங்கள்தான். 2021 ஆகஸ்டில், வங்கிகள் நெருக்குகின்றன என்று சொல்லி அப்பட்டமான ஆபாசத்துக்குத் தடை போடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒரே வாரத்தில் அந்த முடிவை வாபஸ் வாங்கியது. அதை எடுத்துவிட்டால் கடையில் என்ன மிஞ்சும் என்று நிர்வாகத்துக்கே புரிந்திருக்கும்!

ரசிகர் கொடுக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 80 டாலர் கிரியேட்டருக்கு, 20 டாலர் தளத்துக்கு. மாதச் சந்தா என்பது சினிமா தியேட்டர் டிக்கெட் மாதிரி. தியேட்டர்காரர்களுக்கு லாபம் பாப்கார்னில் என்பார்களே, அதுபோல இங்கே இன்பாக்ஸில். பூட்டுப் போட்ட ஒரு படம் மெசேஜாக வரும். திறக்கத் தனிக் கட்டணம். 'உங்களுக்காக மட்டும்' எடுத்த வீடியோ என்றால் அதற்கு ஒரு விலை. சந்தோஷத்தில் கொடுக்கும் டிப்ஸ் தனி. சமீப ஆண்டுகளில் சந்தாவைவிட இந்த உதிரி வருமானம்தான் அதிகம். ஆக, பேச்சு நீண்டால் பில்லும் நீளும்.

ஒருவர் ஏமாற்றினார், ஒருவர் ஏமாற்றிச் சிரிக்க வைத்தார்

டிஸ்னி சேனலில் 'ஷேக் இட் அப்' தொடர் பார்த்தவர்களுக்கு பெல்லா தோர்னைத் தெரிந்திருக்கும். 2020 ஆகஸ்டில் அவர் ஒன்லிஃபேன்ஸுக்கு வந்தார். மாதச் சந்தா 20 டாலர். முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சம் டாலர் வசூல் என்று செய்திகள் பறந்தன. கூடவே பிரச்னையும் வந்தது. ஆடையில்லாத படம் என்று சொல்லி 200 டாலருக்குப் பூட்டிய மெசேஜ் அனுப்பினார், திறந்தால் அப்படி எதுவும் இல்லை என்று ரசிகர்கள் குற்றம்சாட்டினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பலர் வரிசை கட்டினார்கள்.

அடுத்த சில நாள்களில் தளம் விதிகளை மாற்றியது. பூட்டிய மெசேஜுக்கு அதிகபட்சம் 50 டாலர், டிப்ஸுக்கு 100 டாலர் என்று வரம்பு வந்தது. சில நாடுகளில் ஒரு வாரத்தில் கைக்கு வந்துகொண்டிருந்த பணம், ஒரு மாதம் காத்திருந்தால்தான் கிடைக்கும் என்றானது. தனிநபர் யாரையும் வைத்து இந்த மாற்றம் செய்யப்படவில்லை என்றது நிர்வாகம். தளத்தில் பிழைப்பு நடத்திய மற்ற பெண்கள் அதை நம்பத் தயாராக இல்லை. வாடகைக்கும் மருந்துக்கும் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்கள். பெல்லா தோர்ன் வருத்தம் தெரிவித்தார். பட வாய்ப்பும் புகழும் இருக்கும் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போக, அடி விழுந்தது வேறு முதுகுகளில்.

இதோடு பெல் டெல்ஃபின் கதையை வைத்துப் பார்க்கவேண்டும். பொம்மைபோல வேஷம் கட்டி இன்ஸ்டாகிராமில் பிரபலமான பிரிட்டன் பெண். 2019-ல் தன் படம் ஒன்றுக்கு 10 லட்சம் லைக் விழுந்தால் ஆபாசத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்குவேன் என்றார். லைக் குவிந்தது. சொன்னபடி தொடங்கி 12 வீடியோக்களைப் போட்டார். தலைப்புகளைப் படித்தால் குப்பென்று வியர்க்கும். உள்ளே போனால் பொம்மைச் சேவல்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பார்! அடுத்த மாதமே, தான் குளித்த தண்ணீர் என்று சொல்லி ஒரு ஜாடி 30 டாலருக்கு விற்றார். 'குடிக்கக் கூடாது' என்ற எச்சரிக்கையோடு. அதுவும் விற்றுத் தீர்ந்தது.

இரண்டு பேருமே எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு வேறொன்றைக் கையில் கொடுத்தவர்கள்தான். ஆனால் சேவல் வீடியோவுக்கு யாரும் 200 டாலர் கட்டவில்லை. அதோடு, பெல் டெல்ஃபினின் ரசிகர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும். ஏமாந்த கதையைத் தாங்களே சொல்லிச் சிரித்தார்கள். 2020 ஜூனில் அவர் ஒன்லிஃபேன்ஸில் மாதம் 35 டாலர் சந்தாவுக்குக் கடை திறந்தபோது, அந்த உறவுதான் வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது.

ஆயிரம் பேர் போதும்

பாடகி லில்லி ஆலனின் வழி இன்னொரு மாதிரி. 2024-ல் தன் பாதங்களின் படங்களை மட்டும் மாதம் 10 டாலருக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் சரக்கு. அதைத் தாண்டி எதையும் எதிர்பார்க்க இடமில்லை. ஸ்பாட்டிஃபையில் மாதம் கிட்டத்தட்ட 80 லட்சம் பேர் தன் பாட்டைக் கேட்டும், பாதங்களுக்குச் சந்தா கட்டும் ஆயிரம் பேரிடமிருந்துதான் அதிகம் சம்பாதிப்பதாக அந்த அக்டோபரில் அவர் சொன்னது, இசைத்துறைக்கு விழுந்த அறை. ஆபாசத் தளத்தைப் பற்றிய செய்தியாக அது உலகமெங்கும் ஓடியது. உண்மையில் அது பாட்டுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பது பற்றிய செய்தி. ராப் பாடகி கார்டி பி-யும் 2020-ல் 4.99 டாலர் சந்தாவோடு வந்தபோது ஆரம்பத்திலேயே, 'ஆடையில்லாப் படம் கிடையாது, என் வாழ்க்கையையும் வதந்திகளுக்கு என் பதிலையும் பார்க்கலாம்' என்ற ரீதியில் சொல்லிவிட்டார். எல்லையை முதலிலேயே கோடு போட்டுக் காட்டியவர்களின் இன்பாக்ஸில் சண்டை குறைவு.

பிரபலங்களுக்கு அது எளிது. பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு அப்படியல்ல. ரசிகர்கள் செலவழித்ததில் கிரியேட்டர்களின் பங்கை எடுத்து மொத்தக் கணக்குகளுக்கும் சமமாகப் பிரித்தால், தலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,250 டாலர். அதாவது மாதம் 105 டாலருக்குள். இதுவும் வெறும் சராசரிதான். மேலே இருக்கும் சிலர் வாரிக்கொண்டு போவதால், பெரும்பாலானவர்களுக்கு அதுவும் வராது. பேர் இல்லாதவர் கையில் இருக்கும் ஒரே முதலீடு நேரம். 'காபி குடிச்சீங்களா' என்று கேட்டு, போனவாரம் சொன்ன பல்வலியை நினைவு வைத்து விசாரித்து, ஒவ்வொருவருக்கும் தானே டைப் செய்ய வேண்டும். ஏஜென்சி வைக்க அவரிடம் காசு இல்லை. வேடிக்கை என்னவென்றால், குறைவாகச் சம்பாதிப்பவரிடம்தான் அசல் ஆள் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

முப்பத்துமூன்று மணி நேரம்

ஒரு சின்ன கணக்கு. ஒரு கிரியேட்டருக்கு ஆயிரம் சந்தாதாரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு மெசேஜ். ஒன்றுக்கு ஒரு நிமிடம். மொத்தம் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல். ஒரு நாளில் 24 மணி நேரம்தானே இருக்கிறது?

மீதியை யார் டைப் செய்கிறார்கள்? அதற்குத்தான் 'சாட்டர்' என்றொரு வேலை உருவாகியிருக்கிறது. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் மேகசின் இதைப் பற்றி விரிவாக எழுதியது. 2024-ல் வயர்ட் பத்திரிகையின் பிரெண்டன் கோர்னர் தானே இந்த வேலைக்கு விண்ணப்பித்து உள்ளே புகுந்து பார்த்து எழுதினார். ஏஜென்சிகள் கிரியேட்டரின் கணக்கை எடுத்து நடத்துகின்றன. வருமானத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் ஷிஃப்ட் முறையில் ஆட்கள் உட்கார்ந்து, மணிக்குச் சில டாலர் கூலிக்கு, அந்தப் பெண்ணாகவே பேசுகிறார்கள். அவர்களில் ஆண்களும் உண்டு.

ஒவ்வொரு ரசிகரைப் பற்றியும் குறிப்பு இருக்கும்: என்ன வேலை, நாயின் பெயர் என்ன, விவாகரத்தானவரா, இதுவரை எவ்வளவு செலவழித்தார். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தவர் உட்காரும்போது குறிப்பைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். 'டாமி எப்படி இருக்கான்?' என்று கேட்டால் அந்தப் பக்கம் உருகிவிடும். வழக்கமான கால் சென்டர் வேலைதான். ஆனால் இங்கே வாடிக்கையாளருக்கு, தான் கால் சென்டரில் பேசிக்கொண்டிருப்பது தெரியாது.

இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். அந்தக் கால ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் ரசிகர் கடிதங்களுக்குப் பதில் போடத் தனி இலாகாவே இருந்தது. நடிகையின் கையெழுத்தை உதவியாளர் போட்டிருப்பார். ஆனால், அந்தக் கடிதத்துக்கு ரசிகர் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாததை அதில் எழுதி, தன் அந்தரங்கப் படத்தையும் உள்ளே வைத்து அனுப்பவுமில்லை. ஒரே ஒரு பெண் மட்டும்தான் பார்க்கிறாள் என்று நம்பி அனுப்பிய படத்தை, உலகின் இன்னொரு மூலையில் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பிரச்னை காசு மட்டுமல்ல.

டைப் செய்பவர்கள் நிலையும் சுகமானதல்ல. இரவெல்லாம் முகம் தெரியாதவர்களின் ஆசைகளையும் அழுகையையும் கேட்டுக்கொண்டே, அடுத்த பூட்டிய படத்தை எப்போது தள்ளிவிடலாம் என்று பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவர் உடைந்துபோய் இருக்கும் நேரம்தான் நன்றாக விற்கும் நேரமும்.

நான் ரோபோ என்று சொன்ன ரோபோ

அமெரிக்காவைச் சேர்ந்த கேரின் மார்ஜரி ஒன்லிஃபேன்ஸ் ரகம் இல்லை. ஸ்னாப்சாட்டில் 18 லட்சம் பேர் பின்தொடர்ந்த 23 வயதுப் பெண். பணம் கட்டிச் சேர்ந்த ரசிகர்களோடு டெலிகிராமில் தினமும் ஐந்து மணி நேரம்வரை பேசிக்கொண்டிருந்தவர். கட்டுப்படியாகவில்லை. 2023 மே மாதம், தன் குரலிலும் பேச்சு நடையிலும் பழக்கிய 'கேரின் ஏஐ' என்ற செயலியை இறக்கினார். நிமிடத்துக்கு ஒரு டாலர். சோதனை ஓட்டத்தின் முதல் வாரத்திலேயே 71,610 டாலர் வந்ததாகச் செய்தி வந்தது.

பேசுவது மெஷின் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெரிந்தும் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. சீக்கிரமே அந்த செயலி, அவர் விரும்பாத அளவுக்கு ஆபாசமாகப் பேச ஆரம்பித்தது. ஆனால், மெஷின் பேசியதைவிட, மெஷின்தானே என்று நினைத்து மனிதர்கள் அதனிடம் கொட்டியவைதான் அவரை அதிகம் உலுக்கின. அந்த செயலி நெடுநாள் நீடிக்கவில்லை.

ஆக, மெஷின் என்று சொல்லிவிட்டுப் பேசிய மெஷின் ஒருபக்கம். அவள்தான் என்று சொல்லிப் பேசிய வேறு மனிதர்கள் இன்னொரு பக்கம். இதில் ஏமாற்று என்று கோர்ட்டுக்குப் போனது இரண்டாவதுதான். 2024 ஜூலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஒன்லிஃபேன்ஸ் மீதும் சில ஏஜென்சிகள் மீதும் சந்தாதாரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். புகாரின் மையம் படங்கள் அல்ல. நேரடியாகப் பேசுகிறோம் என்று நம்பவைத்துப் பணம் வாங்கிவிட்டு, வேறு ஆட்களை வைத்துப் பேசினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ரசிகருக்கும் கிரியேட்டருக்கும் இடையிலான ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் உரியது என்கின்றன தளத்தின் விதிமுறைகள். அந்த இன்பாக்ஸில் மூன்றாவதாக டைப் செய்துகொண்டிருப்பவருக்கு இந்த ஒப்பந்தத்தில் பெயரே இல்லை.