சலசல… சொட்டு… 'ஹோ'! தண்ணீர் 'பேசுவதை' தமிழும் ஜப்பானியமும் எப்படிச் சொல்கின்றன?

கொடைக்கானலுக்கு டிரிப் போகும் பலர் ஏரி, தூண் பாறையோடு திரும்பிவிடுவார்கள். மேல்மலைப் பக்கம் மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிப் போனால் போளூர் வரும். அங்கே ஒரு ஓடைப் பக்கம் நிற்கிறீர்கள். வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணி, 'தண்ணி எப்படிப்பா ஓடுது?' என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

'செமயா ஓடுது' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'சலசலன்னு ஓடுது' என்றால் கணுக்கால் அளவுத் தண்ணீரும் கூழாங்கல்லும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 'ஹோன்னு இரைச்சலா இருக்கு' என்றால், 'இறங்காத, மேல ஏறி வா' என்றுதான் பதில் வரும்.

ஒரு சின்னச் சொல்தான். ஆனால் தண்ணீரின் அளவு, வேகம், ஆபத்து எல்லாமே அதற்குள் இருக்கிறது.

ஜப்பானில் மழைக்கு எத்தனை சத்தம்?

இப்படிப்பட்ட சொற்களுக்குப் பெயர்போன மொழி ஜப்பானியம். மழை ஆரம்பிக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் துளிகளுக்கு 'பொத்சுபொத்சு'. சத்தமே இல்லாமல் நனைக்கும் மென்மழைக்கு 'ஷிதோஷிதோ'. கொட்டித் தீர்க்கும் மழைக்கு 'ஜாஜா'. தெளிந்த ஓடைக்கு 'சரசர'. நம்ம ஊரில் அதே 'சரசர' பாம்புக்கும் காய்ந்த சருகுக்கும் போய்விட்டது!

சத்தத்தை வைத்தே அளவையும் அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குழாய் சொட்டினால் 'பொத்தபொத்த'. இதில் வரும் 'பொ'வை, 'பால்' என்பதில் உள்ள ப போல உச்சரித்தால் சின்னச் சொட்டு. 'பஸ்' என்பதில் உள்ள ப போல அழுத்திச் சொன்னால் பெரிய, கனமான சொட்டு.

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் உயிரெழுத்து பார்த்துக்கொள்கிறது. 'கிணிகிணி' என்றால் சின்ன மணி, 'கணகண' என்றால் பெரிய மணி. 'சிலுசிலு' என்றால் மெல்லிய காற்று, 'சலசல' என்றால் ஓடும் தண்ணீர். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே 'இ' சின்னது, 'அ' பெரியது என்று நம் காது முடிவு செய்துவிடுகிறது.

ஸ்கூலில் படித்த இரட்டைக்கிளவி

இரண்டு மார்க் கேள்வியாக வருமே, அதேதான். 'பாம்பு பாம்பு' என்பதைப் பிரித்தாலும் பொருள் உண்டு. அது அடுக்குத்தொடர். 'சலசல'வைப் பிரித்தால் 'சல'வுக்குப் பொருள் இல்லை. அது இரட்டைக்கிளவி. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இந்த விதி இருக்கிறது. 1998-ல் வந்த 'ஜீன்ஸ்' படத்தின் 'கண்ணோடு காண்பதெல்லாம்' பாட்டில் வைரமுத்து இதையே காதலுக்கு உவமையாக்கியிருப்பார்.

உரிச்சொற்களைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியம் இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றைச் சொல்கிறது. ஜப்பானியத்திலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பாகுபாடு உண்டு. காதில் கேட்கும் சத்தத்தைச் சொல்பவை 'கியோங்கோ'. சத்தமே இல்லாத நிலையைச் சொல்பவை 'கிதைகோ'. நம்ம 'சலசல' முதல் வகை. மழைக்குப் பிறகு தரை 'சதசத'ன்னு கிடப்பது இரண்டாவது வகை.

அந்தக் குட்டி 'ன்னு'

சுவாரஸ்யமான விஷயம் இனிமேல்தான். 'வரேன்னு சொன்னான்', 'சலசலன்னு ஓடுச்சு'. இரண்டிலும் அதே 'ன்னு'. எழுத்துத் தமிழில் 'என்று'. ஒருவர் பேசியதைச் சொல்லப் பயன்படும் சொல்லையேதான் தண்ணீரின் சத்தத்துக்கும் பயன்படுத்துகிறோம். அதாவது, தண்ணீர் சொன்னதை அப்படியே மேற்கோள் காட்டுகிறோம்.

ஜப்பானியத்திலும் இதே கதைதான். பேச்சை மேற்கோள் காட்டும் 'தோ' என்ற சொல்லே ஒலிச்சொற்களின் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதை வைத்து இரண்டும் சொந்தக்கார மொழிகள் என்று சொல்லிவிட முடியாது. உலகின் வேறு பல மொழிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு.

இந்திய மொழிகளில் இதை விரிவாக ஆராய்ந்தவர் மொழியியலாளர் முர்ரே எமனோ. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் படித்தவர். 1969-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், இத்தகைய ஒலிச்சொற்கள் திராவிட மொழிகளுக்கும் வட இந்திய மொழிகளுக்கும் பொதுவான அடையாளம் என்று காட்டினார்.

சரி, இதெல்லாம் எதுக்கு?

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலையில் இந்த ஆபத்து எங்கும் உண்டு. நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும்.

அப்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. தண்ணீர் கலங்குவது, குச்சியும் இலையும் மிதந்து வருவது, சத்தம் மாறுவது. 'சலசல' போய் 'தடதட' வந்தாலோ, தூரத்தில் 'ஹோ'வென்ற இரைச்சல் கூடிக்கொண்டே போனாலோ, செல்ஃபியை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். சில நேரம் அந்த அறிகுறிகூட இல்லாமல் வெள்ளம் வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

காதில் ஹெட்செட் இருந்தால் இந்த மாற்றம் கேட்காது. கேட்டாலும், பக்கத்தில் இருப்பவரிடம் சட்டென்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். 'ஃப்ளோ செம' என்பதில் ஆபத்தும் தெரியாது, அளவும் தெரியாது.

ஜப்பானில் 1996-ல் அரசின் சுற்றுச்சூழல் முகமை, பாதுகாக்க வேண்டிய 100 ஒலிச்சூழல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலே போட்டது. ஓடைகளும் அலைகளும் அதில் இடம்பிடித்தன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த முறை மேல்மலைப் பக்கம் போகும்போது வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்டேட்டஸில் 'வைப்' என்று போடும் இடத்தில், தண்ணீர் என்ன சொன்னது என்று எழுதிப் பாருங்கள். 'ன்னு' சேர்த்து!