தரவு இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை

இந்தியச் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்குத் தரவுப் பஞ்சம் என்பது பெரும்பாலும் பழைய கதை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். நுகர்வுச் செலவு, வேலைவாய்ப்பு, கல்வி, மருத்துவச் செலவு என்று தேசிய மாதிரி ஆய்வுகள் திரட்டிய விவரங்களைக் குடும்பம் வாரியாக, பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2022-23 நுகர்வு ஆய்வில் மட்டும் 2,61,746 குடும்பங்களின் கணக்கு இருக்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, முனைவர் பட்ட ஆய்வுகள் பலவும் உள்ளூரில் சில நூறு பேரிடம் நிரப்பி வாங்கிய வினாத்தாளோடு நின்றுவிடுகின்றன. நூல்களுக்கு நூலகரையும் வேதியியலுக்கு ஆய்வகத்தையும் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள், தரவுக்கென்று ஆள் வைப்பது அரிது. குறை அங்கேதான் இருக்கிறது.

இறக்கிய கோப்பைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். பழைய சுற்றுகளின் கோப்புகள் பலவற்றில் தலைப்பே இல்லாத எண் வரிசைகள்தான் இருக்கும். எந்த இடத்தில் மாநிலம், எந்த இடத்தில் வயது, எங்கே தொழில் என்று தனி அட்டவணையைப் பார்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். அடுத்து வருவது மல்டிப்ளையர் எனப்படும் எடை. மாதிரியில் வந்த ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களின் சார்பாக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. தொழிலாளர் ஆய்வில் அதை 100-ஆல் வகுப்பதா, 200-ஆல் வகுப்பதா என்பது, அந்தப் பிரிவில் துணை மாதிரி ஒன்று இருக்கிறதா, இரண்டும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. குறிப்பேட்டில் ஒரு வரியாக வரும் இதைக் கவனிக்காமல் விட்டால் கணினி எச்சரிக்காது, விடை மட்டும் தப்பாக வரும். தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளை, தேர்ந்தெடுத்த வீடுகளில் வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள். அதற்குத் தனி எடை உண்டு. பொதுவான எடையைப் போட்டால், பெண்கள் அதிகமுள்ள வீடுகளின் குரல் குறைந்துபோகும். வேலையின்மைகூட ஒரே எண் அல்ல. 2023-24 தொழிலாளர் ஆய்வில் ஓராண்டு நிலையை வைத்துப் பார்த்தால் அது 3.2 சதவீதம், முந்தைய ஒரு வாரத்தை வைத்துப் பார்த்தால் 4.9 சதவீதம். தன் கேள்விக்கு எது பொருந்தும் என்பது ஆய்வு தொடங்கும்போதே மாணவருக்குத் தெரிய வேண்டும். வாய்மொழித் தேர்வில் தெரிந்து என்ன பயன்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-லும் பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-லும் சமூக அறிவியலுக்கான தரவுக் காப்பகங்கள் பிறந்தன. கோப்புகளைச் சேமிப்பதோடு, பயன்படுத்தக் கற்றுத்தருவதையும் அவை தம் வேலையாகக் கொண்டன. 41,554 குடும்பங்களைச் சந்தித்து 2004-05இல் தொடங்கிய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் கோப்புகளே மிச்சிகனில்தான் இருக்கின்றன.

தரவைக் கையாள்வதை மாணவர் தாமே கற்கட்டும், இணையத்தில் பாடங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, கட்டளைகளையும் நன்றாகவே சொல்லித்தருகின்றன. ஆனால் ஒருவரின் ஆய்வுக் கேள்விக்கு இந்தத் தரவு பதில் சொல்லுமா, மாநில அளவுக்காக வகுத்த மாதிரியை மாவட்டக் கணக்குக்குப் பயன்படுத்தலாமா என்பதை அருகிலிருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும். நெறியாளர் இருக்கிறாரே என்பது இன்னொரு வாதம். அவர் சாதி குறித்தோ புலம்பெயர்வு குறித்தோ ஆழ்ந்த அறிவுள்ளவராக இருப்பார். மாதிரி வடிவமைப்பும் அவருக்கு அத்துபடியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. எண்கள் பெருகினால் களப்பணி தேயும் என்ற அச்சத்தில்தான் உண்மையான கனம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கிராமம் மாநிலத்தின் போக்கோடு ஒத்துப்போகிறதா, விலகி நிற்கிறதா என்று தெரிந்துகொண்டு அங்கே போகும் ஆய்வாளர் கூர்மையான கேள்விகளைக் கேட்பார்.

தரவுக்கென்று ஆள் வைக்கப் பெரிய செலவும் இல்லை. புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருள் இலவசம். தேவைப்படுவது பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம், அதில் புள்ளியியலும் சமூக அறிவியலும் தெரிந்த ஒருவர். சாதிவாரி விவரங்களோடு 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரப்போகிறது. துணைவேந்தர்களும் மாநில உயர்கல்வித் துறையும் அதற்குள் அந்தப் பணியிடத்தை உருவாக்கி, ஆளையும் நியமித்துவிட வேண்டும்.