கோர்ட் படி ஏற பயப்படாதீங்க! ஒரு நீதிபதியின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்



போன மாதக் கூட்டத்துக்குத் தாம்பரம் பகுதி உறுப்பினர் ஒருவர் பை நிறைய காகிதங்களோடு வந்திருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்த விபத்தில் கணவரை இழந்தவர். "தீர்ப்பு வந்துடுச்சுன்னு சொன்னாங்க மேடம். பணம் இன்னும் கைக்கு வரல. இனிமே யாரைப் போய்க் கேக்கறது?" என்றார். "கோர்ட்டுக்குப் போனா இப்படித்தான், விட்டுடு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது நாங்கள் ஒரு நீதிபதியின் கதையைச் சொன்னோம். மற்ற குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

தீர்ப்பு வந்தும் பணம் வராத குடும்பம்

ஆர். பானுமதி 1955-ல் ஊத்தங்கரையில் பிறந்தார். இரண்டு வயதில் அப்பாவை பஸ் விபத்தில் இழந்தார். அம்மா நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். தீர்ப்பும் சாதகமாக வந்தது. ஆனால் பணம் வரவில்லை. நடைமுறைகள் சிக்கலாக இருந்தன, எடுத்துச் செய்ய உதவிக்கு ஆள் இல்லை. அம்மாவும் மூன்று பெண் பிள்ளைகளும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டோம் என்று அவரே 2020-ல் ஓய்வு பெறும்போது சொன்னார்.

அந்தப் பெண் குழந்தைதான் சட்டம் படித்தார். 1981-ல் வழக்கறிஞராகி திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் போன்ற சின்ன ஊர் கோர்ட்டுகளில் வாதாடினார். 1988-ல் நேரடித் தேர்வு மூலம் மாவட்ட நீதிபதி ஆனார்.

புதுக்கோட்டையில் ஒரு வழக்கு

விராலிமலை பக்கத்தில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா வழக்கு பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆசிரமத்தில் இருந்த பெண் பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்தார், ஒருவரைக் கொலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. பணமும் செல்வாக்கும் உள்ள சாமியார் ஒரு பக்கம். ஆதரவு இல்லாத பெண் பிள்ளைகள் இன்னொரு பக்கம். 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். 2002-ல் உயர் நீதிமன்றமும் 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகம் பார்த்துக் கேட்பது கீழ்க் கோர்ட் நீதிபதிதான். மேல் கோர்ட்டுகள் பெரும்பாலும் அங்கே பதிவானதைப் படித்துத்தான் முடிவு செய்யும். அதனால் நம்ம ஊர் கோர்ட்டில் நாம் என்ன சொல்கிறோம், என்ன காகிதம் கொடுக்கிறோம் என்பதுதான் அஸ்திவாரம்.

பானுமதி 2003-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 2013-ல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதியாகவும், 2014-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். டெல்லி நிர்பயா வழக்கில் 2017-ல் தூக்குத் தண்டனையை உறுதி செய்த மூன்று நீதிபதிகளில் இவர் ஒருவர்தான் பெண்.

நம்ம ஊரில் எந்த கோர்ட்?

* இடத் தகராறு, கடன் பாக்கி போன்ற சிவில் வழக்குகள் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பிக்கும். தொகை அதிகமானால் சப் கோர்ட் அல்லது மாவட்ட கோர்ட்.
* குடும்ப வன்முறைச் சட்டப்படி (2005) மனு கொடுப்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். தாம்பரத்திலேயே முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் இருக்கு.
* கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். நமக்கு மாவட்டத் தலைமையிடம் செங்கல்பட்டு. பாலியல் வன்கொடுமை வழக்கை எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்க மாட்டார்கள், மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். இதை நம்ம பெண்களுக்கு அவசியம் சொல்லுங்க.

தீர்ப்போடு வேலை முடியாது

சிவில் வழக்கில் ஜெயித்தும் எதிர்த் தரப்பு பணம் தராவிட்டால், 'நிறைவேற்று மனு' போட வேண்டும். பொதுவாக இதற்கு 12 வருஷம் வரை நேரம் உண்டு. ஆனால் அதுவரை காத்திருக்காதீங்க.

விபத்து வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தை கோர்ட்டில் கட்டியிருந்தால், அதை எடுக்கத் தனியாக மனு போட வேண்டும். இது தெரியாமல் பலர் வீட்டிலேயே காத்திருக்கிறார்கள். விபத்து வழக்கை நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2019 சட்டத் திருத்தத்தில் 6 மாதக் கெடு வந்திருப்பதால் தள்ளிப் போடக் கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ம் வருஷச் சட்டப்படி எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100 எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

நம்ம பொண்ணும் நீதிபதி ஆகலாம்

பிளஸ் டூ முடித்தால் சட்டப் படிப்பு 5 வருஷம். கேளம்பாக்கம் அருகே புதுப்பாக்கத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கு. அதன்பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி சிவில் நீதிபதி ஆகலாம். இதற்கு 3 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பானுமதி போல நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக 7 வருஷ அனுபவம் வேண்டும். ஜவ்வாதுமலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலைவாழ் பெண், குழந்தை பிறந்த இரண்டே நாளில் 2023-ல் சிவில் நீதிபதி தேர்வு எழுதி ஜெயித்தார். மகள் படிப்புக்கு உள்கடன் கேட்டு வரும் தாய்க்கு முன்னுரிமை கொடுங்கள்.

தாம்பரம் உறுப்பினர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் துணைக்குப் போய், சட்டப் பணிகள் குழு வக்கீல் மூலம் பணம் எடுக்க மனு போட்டாச்சு. பணம் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போது அவர் தனியாக இல்லை. பானுமதியின் அம்மாவுக்குக் கிடைக்காத துணை அதுதான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம குழுவில் தீர்ப்பு வந்தும் பணம் வராமல் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவரோடு கோர்ட்டுக்குப் போக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.