உறுதியில் இல்லாத கரை

புலம்பெயர்ந்து வந்தபோது எம்மவர் பலர் கையோடு கொண்டுவந்த பொருட்களில் காணி உறுதியும் ஒன்று. பிறப்புச் சான்றிதழோடும் பள்ளிக்கூடச் சான்றிதழோடும் சேர்த்து மடித்து, உடுப்புப் பையின் அடியில் வைக்கப்பட்டிருக்கும். கரையோரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் அதனை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். காணியின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். கிழக்கு இன்னாரின் காணி, மேற்கு ஒழுங்கை, தெற்கு தெரு, வடக்கு கடற்கரை. உறுதி அந்த இடத்தில் நின்றுவிடும். கடற்கரைக்கு அப்பால் எதுவும் எழுதப்பட்டிருக்காது.

ஆனால் எமது கரையோர மக்களின் சீவியம் நடந்தது அந்த எல்லைக்கு அப்பால்தான். வள்ளம் இழுத்து வைத்தது, வலை காயப்போட்டது, மீன் கூறி விற்றது, கருவாடு பரவியது, பிள்ளைகள் ஓடி விளையாடியது, பொழுதுபடப் பெரியவர்கள் குந்தியிருந்து ஊர்ப் புதினம் கதைத்தது எல்லாமே உறுதியில் இல்லாத அந்த மணலில்தான். அது தனியொருவருக்குச் சொந்தமில்லை. ஆகவே எல்லோருக்கும் சொந்தம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். யுத்தமும் இடப்பெயர்வும், அவற்றின் பின்னால் வந்த அபிவிருத்தியும் அந்த நினைப்பைப் பல இடங்களில் பொய்யாக்கிவிட்டன. வீட்டுக் காணியை உறுதி காட்டிக் கேட்கலாம். கரையை எதைக் காட்டிக் கேட்பது?

கரையும் ஒரு தொழிற்களம்

கடற்றொழில் என்றவுடன் கடலை மட்டும் நினைப்பவர்கள் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, தோணி கடலுக்குள் வளைந்து சென்று வலையைப் போட்டு, மற்றத் தலைப்போடு கரைக்குத் திரும்பும். பின்னர் இரண்டு பகுதியாரும் கயிற்றை இழுத்தபடி ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். மடி கரையேறும்போது நெத்தலியும் சூடையும் சாளையும் துள்ளும். ஒரு வலைக்குப் பத்து இருபது பேருக்கு மேல் வேண்டும். வலைச் சொந்தக்காரனான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுப்பவர்களுக்குப் பங்கு, பொறுக்க வரும் ஏழை எளியதுகளுக்கும் ஒரு கை மீன் என்று அந்த மணலிலேயே கணக்குத் தீரும்.

இத்தொழிலை நினைத்த இடத்தில் செய்ய முடியாது. அடியில் கல் இருந்தால் வலை கிழியும். கல்லில்லாத கடலும், இழுப்பதற்கு வெறுமையான மணலும் நேருக்கு நேர் அமைந்த துண்டுகளையே எமது மக்கள் ‘பாடு’ என்றார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. எவர் எந்தப் பாட்டில் எந்தக் காலத்தில் வலை வளைப்பது என்பதற்கு ஊர் வழமை உண்டு. பிற்காலத்தில் அரசின் கடற்றொழில் திணைக்களம் அனுமதிப்பத்திரம் கொடுக்கத் தொடங்கியபோதும், அதற்கு அடிப்படையாக இருந்தது இந்த வழமையே. ஆகவே கரையில் நூறு யார் மணலை அடைத்து வேலி போட்டால், போவது வெறும் மணல் அல்ல. அதற்கு நேரே உள்ள கடலும் சேர்ந்தே போகிறது.

சட்டத்தைப் பார்த்தால், இலங்கையில் கடலோர மணல் அரசுக்கு உரியது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றரையும், கடல்நோக்கி 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வகுத்தது. அரசுக்கு உரியது என்றால் பொதுமக்களுக்காக அரசு காப்பது என்பதே நியாயமான பொருள். எமது பகுதிகளிலோ அரசுக்கு உரியது என்பது மக்களுக்கு உரியதல்ல என்றே பல தடவை விளங்கிக்கொள்ளப்பட்டது.

மயிலிட்டியின் இருபத்தேழு வருடம்

வலிகாமம் வடக்கின் மயிலிட்டி ஒரு காலத்தில் வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகம். பலாலி விமானத் தளத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் அமைந்திருந்ததே அதன் தலைவிதியாயிற்று. 1990 யூன் மாதம் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் போனவர்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். கடலில் இறங்க வேண்டுமானால் இன்னொரு ஊராரின் கரையில் நின்று, அவர்களின் தயவில் தொழில் செய்ய வேண்டிய நிலை. இடம் கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களின் கரையும் அளவானதுதான். ஆனாலும் சொந்தத் துறை உள்ளவன் அடுத்த துறையில் விருந்தாளியாக நிற்பதன் வேதனை, நின்றவனுக்குத்தான் தெரியும்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்த பின்னரும் வேலி அகலவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர்கள் உறுதிகளோடு நீதிமன்றம் போனார்கள். அதே காலத்தில் காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் நடத்திய உல்லாச விடுதியில் பயணிகள் கடல் பார்த்து இருந்தார்கள். அந்தக் கரையில் பிறந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

ஈற்றில் 2017 யூலை 3ஆம் திகதி, இருபத்தேழு வருடங்களின் பின், மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பியது. 2019இல் புனரமைக்கப்பட்ட துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் திரும்பி வந்தவர்கள் விட்டுப்போன துறை அங்கே இல்லை. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளைக் கட்டி வைக்கும் இடமாகவும் அது ஆனது. வெளியிடங்களின் பெரிய படகுகளும் வந்து நின்றன. சிறிய படகுக்காரர் தமக்கு இடமில்லை என்று முறையிட வேண்டி வந்தது. துறைமுகம் கிடைத்துவிட்டது, ஆனால் அதில் தமது இடம் எது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாயாறும் கொக்கிளாயும்

முல்லைத்தீவுக் கரையின் பிணக்கு வேறு விதமானது. சோளகக் காலத்தில் மேற்கு, தெற்குக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்து, வாடைக்காற்றுக்கு முன்னர் திரும்புவது நீண்டகால வழக்கம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கலும் சிநேகிதமும் இருந்தன.

1984இன் கடைசியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் விரட்டப்பட்ட பின்னர் அந்த ஒழுங்கு குலைந்தது. ஊரவர் இல்லாத காலத்தில் பாடுகள் பிறருக்குப் பத்திரமாயின. பருவத்துக்கு வந்தவர்கள் நிரந்தரமானார்கள். யுத்தத்தின் பின் திரும்பிய மக்கள் தம் பாடுகளைக் கேட்டபோது, பத்திரம் எங்கே என்று கேட்கப்பட்டது. வழமைக்குப் பத்திரம் ஏது? முறுகல் முற்றி, 2018 ஆகஸ்ட் மாதம் நாயாற்றில் தமிழ்த் தொழிலாளரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீயில் எரிந்தன. தென்பகுதித் தொழிலாளியும் ஏழைதான். அவனையும் இவனையும் ஒரே மணலில் மோதவிட்டது, வழமையை மதிக்காமல் கொடுக்கப்பட்ட பத்திரங்களே.

அலைக்குப் பின்னர் வந்த கோடு

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எமது கரைகளைத் துடைத்துச் சென்றது. அதன் பின்னர் அரசு ஒரு கோடு கீறியது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. உயிர்ப் பாதுகாப்புக்காக என்றார்கள். காரணம் நல்லதுதான். ஆனால் கடலைப் பார்த்தே காற்றையும் நீரோட்டத்தையும் கணிக்கிற தொழிலாளியை உள்ளே அனுப்பினால், அவன் படகையும் இயந்திரத்தையும் எவர் காப்பது? அறுகம்குடாவில் இந்தக் கேள்வி சூடாக எழுந்தது. எங்கள் குடிசைக்குத் தடை, உல்லாச விடுதிக்கு விலக்கா என்று தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பின் பின்னர் அந்த எல்லைகள் தளர்த்தப்பட்டன. கோடு கீறுவதற்கு முன் அதற்குள் வாழ்கிறவனைக் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

படகேறிப் போன இரணைதீவார்

இவ்வளவுக்கும் நடுவே எமக்கு நம்பிக்கை தருவது இரணைதீவு. பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இந்த இரட்டைத் தீவின் மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, முழங்காவில் பக்கத்தில் இரணைமாதா நகரில் குடியேறினார்கள். யுத்தத்தின் பின் தீவில் கடற்படை நிலைகொண்டது. ஆழமற்ற கடலில் நடந்தே அட்டையும் நண்டும் பிடித்த பெண்கள் தொழில் இழந்தார்கள். ஆண்கள் பெருநிலத்திலிருந்து எண்ணெய் எரித்துத் தம் சொந்தக் கடலுக்குப் போய் வந்தார்கள். பிடிப்பதில் பாதி எண்ணெய்க்குப் போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

2017 மே முதலாம் திகதி அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மனுக் கொடுத்தார்கள், கொழும்புக்குப் போனார்கள், பதில் வரும் என்று பார்த்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, பெண்களும் முதியவர்களும் குருமாரும் சேர்ந்து படகுகளில் ஏறினார்கள். வெள்ளைக் கொடி கட்டிய படகுகள் தீவை நோக்கிப் போயின. கரையேறியவர்கள் நேரே மாதா கோயிலுக்குப் போய்ச் செபம் செய்துவிட்டு, இனித் திரும்புவதில்லை என்று இருந்துவிட்டார்கள். தங்கித் தொழில் செய்ய அரசு பின்னர் இணங்கியது. ஒரு கல் எறியப்படவில்லை.

ஆனாலும் பெற்றது பெற்றதாகவே இருக்கும் என்றில்லை. 2021 மார்ச்சில் கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்க இரணைதீவைத் தெரிந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது. தீவு மக்களும் எதிர்த்தார்கள். தம் உறவுகளைக் கண்காணாத தீவில் புதைப்பதா என்று முஸ்லிம் மக்களும் வேதனைப்பட்டார்கள். அடக்கங்கள் பின்னர் ஓட்டமாவடியில் நடந்தன. வரைபடத்தில் பார்க்கிறவர்களுக்கு எமது கரைகள் வெறும் இடமாகவே தெரிகின்றன என்பதற்கு இது ஒரு சாட்சி. 2022இல் அதே பூநகரிப் பக்கம் கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகத் தொழிலாளர் போராடினார்கள். இம்முறை வேலி மணலில் அல்ல, கடலுக்குள்ளேயே வந்தது. பண்ணை வைத்தவர்களில் எம்மவரும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாம் வாழும் நாடுகளில்

1980களின் நடுப்பகுதி தொடக்கம் நோர்வேயின் வடகோடியில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் எம்மவர் பலர் குளிரில் விறைத்துக்கொண்டு மீன் வெட்டினார்கள். அந்த நாட்டில் 1957ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் உண்டு. பயிரிடாத வெளியிலும் கரையிலும் எவரும் நடக்கலாம், குளிக்கலாம். கரையிலிருந்து 100 மீற்றருக்குள் கட்டடம் எழுப்பப் பொதுவாகத் தடை. அப்படியிருந்தும் ஒஸ்லோ குடாவில் வசதி படைத்தவர்கள் வேலி போடுவதும், அதை அகற்றும்படி நகரசபை உத்தரவிடுவதும் நடக்கிறது. பிரான்சில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரத் தனியார் காணிகளுக்குள்ளால் 3 மீற்றர் அகலத்தில் பொதுமக்கள் நடக்க வழி விடச் சொன்னது. அங்கும் வழக்குகள் உண்டு. வேலி போடும் ஆசை எல்லா நாட்டவருக்கும் பொதுவானது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே நடந்து போகிறவனின் உரிமை எழுத்தில் இருக்கிறது. எமது ஊரில் அது பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

எமது மதில்கள்

இனி எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் காசுக்கு ஊரில் கடற்கரைக் காணி தேடுபவர்கள் நாமே. விடுமுறைக்குப் போய் நிற்க ஒரு வீடு, முன்னால் கடல், சுற்றிவர மதில் என்பது எம்மில் பலருடைய ஆசை. அந்த மதில் ஒரு ஒழுங்கையை அடைக்குமானால், தலையில் கடகத்தோடு வரும் பெண் அரை மைல் சுற்றித்தான் கரைக்குப் போக வேண்டும். இராணுவத்தின் முள்வேலியைக் கண்டித்து இங்கே ஊர்வலம் போகிற நாம், அங்கே எம் பங்குக்கு இன்னொரு வேலியைப் போடலாமா?

ஆகவே எமது வாசகர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். கரையோரக் காணி வாங்குமுன் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒருமுறை விசாரியுங்கள். ஒழுங்கை இருந்தால் அதை விட்டுக் கட்டுங்கள். விடுமுறையில் கடற்கரை விடுதியில் தங்குவதானால், அந்த மணலில் முன்னர் எவர் வலை காயவிட்டார்கள் என்று கேட்டறியுங்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் அவசரமானது. உங்கள் வீட்டில் கடல் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், பாடுகளின் பெயர், வாடி நின்ற இடம், எவர் எந்தக் காலத்தில் வலை வளைத்தார்கள், கரைக்கு இறங்கும் வழி எது என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். பிரதி ஒன்றை ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

உறுதியில் எழுதாமல் விட்ட பகுதி அது. எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் எம் வீடுகளில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.