குண்டுக்குக் கொழுப்புத் துணி

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியில் உருவானது ஒரு நீண்ட குழல் வேட்டைத் துப்பாக்கி. கருமருந்து எனும் வெடிமருந்தும் ஈயக் குண்டும் குழல்வாய் வழியாகத்தான் போகவேண்டும். குண்டு, குழலைவிடச் சற்றுச் சிறியது. அந்த இடைவெளியை அடைக்க, கொழுப்புத் தடவிய துணித் துண்டில் குண்டைப் பொதிந்து, கோலால் இடித்து இறக்குவார்கள். குழலுக்குள் வெட்டிய சுருள் புரிகள் துணியைப் பற்றிக்கொள்ள, குண்டு சுழன்றபடி பாயும்.

கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் கசடாக மிஞ்சும். அதை இளக்கி, அடுத்த குண்டு சிக்காமல் இறங்க வழிசெய்வது இந்தப் பூச்சுதான். கரடிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு என்று கையில் கிடைத்ததெல்லாம் உதவியது. அவசரத்துக்கு வெறும் எச்சில்! ஆனால் அது உடனே சுடுகிறவருக்கு மட்டுமே சரி. கெட்டித்து வைத்துவிட்டால் துணி காய்ந்துபோகும், இரும்பும் துருப்பிடிக்கும்.

பழைய முறையில் குறிபார்த்துச் சுடும் போட்டிகள் அமெரிக்காவில் இன்றும் நடக்கின்றன. போட்டியாளர்களில் பலர் பெட்ரோலிய எண்ணெயைத் தொடுவதில்லை. கருமருந்தோடு சேர்ந்தால் அது தார்போல் குழலில் ஒட்டிக்கொள்ளும்.