கைக்குழந்தைக்கு மயக்க மருந்து: பயம் எதற்கு, கேள்வி எதற்கு?

குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளுக்குக் குடலிறக்கம் அடிக்கடி வரும். அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி: "இந்தப் பச்ச ஒடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா மூளைய பாதிக்காதா?" இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. பிறந்து 7 நாளான எலிக்குட்டிகளுக்கு 6 மணி நேரம் மயக்க மருந்துக் கலவை கொடுத்த 2003ஆம் ஆண்டு ஆய்வில் அவற்றின் மூளைச் செல்கள் மடிந்தன. வளர்ந்த பிறகும் கற்பதில் அவை பின்தங்கின. 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ இம்மருந்துகளைக் கொடுத்தால் வளரும் மூளை பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது.

எலிக்கு ஆனது குழந்தைக்கும் ஆகுமா? மெல்போர்ன் மருத்துவர் ஆண்ட்ரூ டேவிட்சன் தலைமையிலான 'காஸ்' சோதனை இதை நேரடியாகவே ஆராய்ந்தது. 7 நாடுகளில், 28 மருத்துவமனைகளில், குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு செவோஃப்ளூரேன் வாயு. மறுபாதிக்கு முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். குழந்தை விழித்தே இருந்தது. 5 வயதில் நுண்ணறிவுச் சோதனை வைத்தபோது இரு தரப்புக்கும் சராசரி ஏறத்தாழ 99. இந்த முடிவு 2019இல் லான்செட் இதழில் வந்தது. வாயு மயக்கம் நீடித்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீண்ட அறுவைக்கு இதே ஆறுதலைச் சொல்ல முடியாது.

முதுகு ஊசிக்கும் பயன் உண்டு: அறுவை முடிந்த முதல் அரை மணியில் மூச்சு நின்று நின்று வருவது அந்தத் தரப்பில் குறைவாக இருந்தது. ஆனால் மரப்பு சீக்கிரம் விலகிவிடும். சில குழந்தைகளுக்குச் சரியாகப் பிடிக்காமல் வாயு கொடுக்க நேரும். நீண்ட அறுவைக்கு டெக்ஸ்மெடிடோமிடின், ரெமிஃபென்டனில் சேர்த்து வாயுவைக் குறைக்கும் முறையை மருத்துவர்கள் சோதித்திருக்கிறார்கள். இவ்விரண்டும் அமெரிக்க எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை. ஆனால் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியவை.

பயந்துபோய் "மருந்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள்" என்று கேட்பது வேறொரு ஆபத்து. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று நினைத்து, 1980கள் வரை பல இடங்களில் தசை அசையாமலிருக்கும் மருந்தையும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் கொடுத்துக் கத்தி வைத்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் சேர்த்துக் கொடுத்தால் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைவதை 1987இல் காட்டினார். குடலிறக்க அறுவையை நாமாகவே தள்ளிப்போடுவதும் அப்படித்தான். குடல் சிக்கிக்கொண்டால் நள்ளிரவு அவசர அறுவையில் போய் முடியும்.

ஆகவே அறுவைக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கைக்குழந்தைகளுக்குப் பழகியவரா, எவ்வளவு நேரம் ஆகும், முதுகு ஊசி முடியுமா, இரவு முழுக்க மூச்சைக் கண்காணிப்பார்களா என்று கேட்கலாம். இவை சரியாக இருப்பது, என் கணிப்பில், எந்த மருந்து என்பதைவிட முக்கியம். சளி, காய்ச்சலை மறைக்காதீர்கள். கடைசிப் பாலை எப்போது கொடுக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பவுடர் பாலுக்கு 6 என்பது பரவலான நடைமுறை.

குழந்தையை மருந்து ஆய்வில் சேர்க்கச் சொன்னால் ஒப்புதல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். மறுக்கலாம், பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. வழக்கமான சிகிச்சையில் அலட்சியம் என்று தோன்றினால் முதலில் மயக்க மருந்துப் பதிவேடு உட்பட ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.